பழைய காரின் அடித்துரு: கறுப்பு பூசுவது கடைசி வேலை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோத்தகிரியில் வீடு. அப்பா வாங்கிய 2003 மாடல் மாருதி 800. அப்பா தவறிய பிறகு இரண்டு மழைக்காலம் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஓடாமல் நின்றிருக்கிறது. இப்போது எடுத்து ஓட்டினால் டிரைவர் காலடியில் கார்ப்பெட் எப்போதும் ஈரம். வாட்டர் சர்வீஸில் தூக்கிப் பார்த்தபோது அடியெல்லாம் துரு. பட்டறைக்காரர், “ஃப்ளோர் மட்டும் கொஞ்சம் போயிருக்கு, சேசிஸ் நல்லாத்தான் இருக்கு, 4,500 கொடுங்க, அடியில ரப்பர் கோட்டிங் அடிச்சு விட்டுடலாம், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்கிறார். அடிக்கலாமா, இல்லை வண்டியைத் தள்ளிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கோட்டிங் நல்ல பொருள்தான், ஆனால் அதற்கு முறை கடைசியில்தான் வரும். முதலிலேயே அடித்தால் துருவுக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடும். நான் குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் 26 வருஷம் இருந்தவன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஜீப், டிராக்டர் டிரெய்லர், ஆபீஸ் கார் என்று எல்லாவற்றுக்கும் அடியில் படுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தப்பை நானே செய்தேன். ஒரு ஜீப்பின் சேசிஸில் பேருக்குப் பிரஷ் போட்டுவிட்டு, ஜூன் மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டுமே என்று தார் கோட்டிங்கைத் தடிமனாக அப்பினேன். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஸ்பிரிங் பட்டை மாற்ற அடியில் போனபோது ஓர் ஓரத்தில் நகம் பட்டது. அந்தக் கறுப்புத் தோல் தோசை மாதிரி உரிந்து கையோடு வந்தது. அதன் உள்பக்கம் சில்லென்று ஈரம். கீழே இரும்பு அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. மூடாமல் விட்டிருந்தால் வெயில் நாளிலாவது காய்ந்திருக்கும்.

அடுத்தது ‘சேசிஸ் நல்லா இருக்கு’ என்ற வார்த்தை. சேசிஸ் என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் எலும்புக்கூடு. ஜீப், பொலிரோ, பழைய சுமோ இவற்றுக்கு ஏணி மாதிரித் தனிச் சேசிஸ் உண்டு. அதன்மேல் பாடியைத் தூக்கி வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். ஃப்ளோர் ஓட்டையானாலும் வண்டி நிற்கும். 800-க்கு அப்படித் தனியாக எதுவும் கிடையாது. ஃப்ளோர் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி, குறுக்குச் சட்டங்கள், முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போய் உட்காரும் கோபுரம் எல்லாம் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்ததுதான் அதன் சேசிஸ். அம்பாசடரும் இதே ரகம்தான், பலருக்குத் தெரியாது. பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஜீப்பிலேயே கை பழகியவர்கள் வாயில் அப்படித்தான் வரும். ஆனால் உங்கள் வண்டியில் ஃப்ளோர் போயிருக்கிறது என்றால் சேசிஸில் ஒரு பங்கு போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எவ்வளவு பங்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துரு பற்றி வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை. அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அது அடியில் தெறித்து இரும்பைத் தின்னும். அதனால் அவர்கள் பேச்செல்லாம் உப்பைக் கழுவுவதைப் பற்றியே இருக்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெளுக்க உறைபனி விழுந்தாலும் நாம் ரோட்டில் உப்பு போடுவதில்லை. நம் நீலகிரி மலையில் தொந்தரவு வேறு. இரும்பு எவ்வளவு நேரம் நனைந்தபடி இருக்கிறது என்பதுதான் கணக்கு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் மணி நேரத்தைக் கூட்டித்தான் அரிப்பைப் பற்றிப் படித்தவர்கள் ஓர் ஊரை எடை போடுவார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கு மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அது ஓய்ந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை. நடுவில் மழை இல்லாத நாளில் மூடுபனி. குளிர் இருப்பதால் துரு கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும், வாஸ்தவம். ஆனால் நிற்காமல் நடக்கும்.

உப்பு நம்மிடம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு வழியில் வரும். ஒன்று, சென்னையிலோ கோழிக்கோட்டிலோ கடற்கரை ஓரம் ஓடிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவது. இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: உர மூட்டை. தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பின் பங்காளி. அம்மோனியம் சல்ஃபேட்டும் சாது இல்லை. எங்கள் எஸ்டேட்டில் உரம் ஏற்றிய டிரெய்லரின் தரைத்தகடு, கொழுந்து மட்டும் ஏற்றிய டிரெய்லரைவிட எப்போதுமே முந்திக்கொண்டு ஓட்டையாகும். மூட்டை ஓரத்தில் சிந்திய பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கசியும், மழையே தேவையில்லை. கோத்தகிரியில் சொந்தமாக ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் மூட்டையைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வருவது சகஜம். அப்பா அப்படிக் கொண்டு வந்ததுண்டா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால் டிக்கிக் கார்ப்பெட்டையும் ஸ்டெப்னி குழியையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் ஊற்றித் தாராளமாகக் கழுவிவிட வேண்டும், துடைத்தால் போதாது.

தகர ஷெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம் தகரம், முன்னால் பாலிதீன் திரை, கீழே மண் தரை. வண்டிக்கு மழை படாது, சரி. ஆனால் மண்ணிலிருந்து எழும் ஈரம் எங்கே போகும்? அடித்தகட்டில் போய் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். காலையில் ஆறு மணிக்கு ஷெட்டுக்குள் போய் வண்டியின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கை நனையும். இதைவிட நாலு பக்கமும் காற்று ஓடும், சிமெண்ட் தரை போட்ட, மேலே மட்டும் கூரை உள்ள இடம் எவ்வளவோ மேல். கவர் போட்டு இழுத்துக் கட்டுவதும் அப்படித்தான், வண்டிக்கு ரெயின்கோட் போட்டு வியர்க்க விடுவது. புல்தரையில் நிறுத்துவது எல்லாவற்றையும் விட மோசம்.

சரி, கார்ப்பெட் ஈரத்துக்கு வருவோம். அந்தத் தண்ணீர் கீழேயிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் மேலேயிருந்துதான் வரும். 800-இன் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருப்பது. இருபது வருஷத்தில் அந்த ரப்பர் விறைத்து, மூலையில் விலகி, தண்ணீர் டாஷ்போர்டின் பின்னால் வழிந்து காலடிக்கு வரும். இன்னொரு வழி, வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம். சில்வர் ஓக் இலையும் சைப்ரஸ் இலையும் அங்கே போய் மக்கி உரமாகியிருக்கும். தண்ணீர் வெளியே போகும் துளை அடைத்துக்கொண்டால் அது உள்ளே வழி தேடும். அப்புறம் கதவு, ஃப்ளோரில் இருக்கும் ரப்பர் மூடிகள். ஹீட்டர் உள்ள மாடல் என்றால் அந்த ஈரத்தை விரலில் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று பிசுக்கும் ஒரு மாதிரி இனிப்பு வாடையும் இருந்தால் அது மழைத்தண்ணீர் அல்ல, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட். எதுவென்று தெரியாவிட்டால், கார்ப்பெட்டை எடுத்துவிட்டு ஃப்ளோரில் பழைய செய்தித்தாளை விரித்து, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்கார வைத்து, கண்ணாடி மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுங்கள். தாளில் முதல் சொட்டு எங்கே விழுகிறது என்று அவர் சொல்லட்டும். இந்த ஓட்டையை அடைக்காமல் அடியில் என்ன பூசினாலும் வீண், ஃப்ளோர் மேலேயிருந்து கீழ்நோக்கி அழுகிக்கொண்டிருக்கும்.

அடுத்து ரன்னிங் போர்டு பெட்டி. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது வெளியில் தெரியாது. கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறும் இடத்துக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு மூடிய தகரக் குழாய் மாதிரி ஓடும். அதன் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். சேறு அப்பி, மேலே யாராவது ஒருமுறை கோட்டிங் அடித்து, அந்தத் துளை மூடிப்போயிருக்கும். ஒருமுறை ஆபீஸ் காரொன்றில், கதவை அடித்துச் சாத்தினால் எங்கோ தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது என்று டிரைவர் சொன்னார். டிக்கியில் குடமாவது இருக்கும் என்று நாங்கள் சிரித்தோம். அடியில் படுத்து, சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து அந்தத் துளையில் குத்தினேன். முதலில் சேறு கட்டியாக விழுந்தது. அப்புறம் காப்பி நிறத்தில் தண்ணீர், முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அரை வாளிக்குக் கிட்டத்தட்ட வந்தது. அன்று மழை இல்லை, அதற்கு முந்தின வாரமும் இல்லை. அந்த வண்டிக்கு அடியில் ஆறு மாதத்துக்கு முன்புதான் பளபளவென்று கோட்டிங் அடித்திருந்தார்கள், துளையையும் சேர்த்து.

ஆகவே பணம் செலவழிக்கும் முன் ஒரு ஸ்போக் கம்பியும் ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவரும் ஒரு சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் சமதளமான இடம் கிடைப்பதே அபூர்வம். ஸ்டாண்ட் வையுங்கள், இல்லையென்றால் பள்ளம் இருக்கும் ஷெட்டில் பாருங்கள். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். அந்த ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்த வண்டியோடு சேர்ந்ததுதான், அதை நம்பாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துருச் செதில் கண்ணில் விழுந்தால் கழுவினால் போகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

முதலில் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று பேசும். போன தகடு, ஈரச் சாக்கைத் தட்டினாற்போல் ‘தொப்’ என்று கேட்கும். தொப் என்ற இடத்தில் ஸ்க்ரூட்ரைவர் முனையை வைத்துக் கட்டை விரல் பலத்தில் அழுத்துங்கள், குத்த வேண்டாம். நகத்தால் சுரண்டினால் காவிப் பொடி மட்டும் வந்து, கீழே தகடு கெட்டியாக இருந்தால் அது மேல்துரு. பயப்பட ஒன்றுமில்லை, நீங்களே சரிசெய்துவிடலாம். செதில் செதிலாகப் பெயர்ந்து, கீழே குழி குழியாக, ஆனால் முனை உள்ளே போகவில்லை என்றால் நடுத்தரம். இன்னும் காப்பாற்றலாம். முனை உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் தகடு இல்லை, துருதான் தகடு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டு தகடு சேரும் விளிம்பு வீங்கிப் பிரிந்திருந்தாலும் கவனியுங்கள். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் வெல்டிங் புள்ளிகளையே நெம்பித் திறந்துவிடும்.

எங்கே போயிருக்கிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. காலடியில் ஃப்ளோர் நடுவில் ஒரு கை அகலத்துக்குப் போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம், பெரிய காரியமில்லை. ஸ்டெப்னி குழியும் அப்படித்தான். ஆனால் முன் ஸ்ட்ரட் கோபுரம், முன் சக்கரத்தைப் பாடியோடு பிடிக்கும் ஆர்ம் மாட்டும் இடம், பின் ஆக்சிலைப் பிடிக்கும் ஆர்ம்கள் பாடியில் சேரும் இடம், ஸ்டீயரிங் ரேக் உட்காரும் சட்டம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், இவற்றில் ஏதாவது ஒன்றில் ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போனால் நன்றாக யோசியுங்கள். இரண்டு பக்க ரன்னிங் போர்டும் சேர்ந்து போயிருந்தாலும் அதே யோசனைதான். கொண்டை ஊசி வளைவில் வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு ஒரு பக்கச் சக்கரங்களில் விழும் ஊர் இது. அப்பா வண்டி என்ற பாசம் எனக்கும் புரிகிறது. இரண்டு இடத்துக்கு மேல் அப்படி இருந்தால் நான் ஓட்ட மாட்டேன், என் பிள்ளையையும் ஓட்ட விட மாட்டேன். 2028-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஃபிட்னஸ் பார்ப்பவரும் இதைத்தான் பார்க்க வேண்டும், பார்க்காமல் விட்டாலும் துரு விடாது.

படுத்தது படுத்ததுதான், பிரேக் பைப்பையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்கு அடியில் ஓடும் பென்சிலைவிட ஒல்லியான இரும்புக் குழாய்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் சேறு தங்கித் துரு ஆழமாகப் போகும். மேலே காவி லேசாக இருந்தால் துடைத்துவிட்டு விடலாம். சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், பெயின்ட் அடித்து மறைக்கவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், வழியெல்லாம் பிரேக்கில் கால். அந்தக் குழாய் வெடிக்க அதைவிடத் தோதான இடம் இல்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’ கிடையாது.

பைப்பும் சரி, மேலே சொன்ன முக்கிய இடங்களும் சரி என்றால், அடியை நன்றாகத் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவிவிட்டு, ஒரு நல்ல வெயில் நாளில் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்குங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றி, கதவு டிக்கி எல்லாம் திறந்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். இந்தத் தொழிலில் மேட்டுப்பாளையம் வெயிலைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது, காசும் இல்லை. முடிந்தால் பெயின்ட் வேலையையும் அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள். மலையில்தான் செய்ய வேண்டும் என்றால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள், காலை பதினொன்றுக்கு மேல் மதியம் மூன்றுக்குள் செய்யுங்கள். தகடு தொட்டால் சில்லென்று இருக்கும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத பனி கோத்திருக்கும். பனி கோக்கும் வெப்பநிலையைவிடத் தகடு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்டர்களின் விதி. வெறும் இரும்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், மூடுபனி இறங்கி, திரும்பி வருவதற்குள் மறுபடி காவி படிந்திருக்கும். ஒரு நாளில் எவ்வளவு இடத்துக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் தேயுங்கள்.

தேய்ப்பதற்குச் செதிலை முதலில் உளியால் தட்டி எடுத்துவிட்டு, கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். அரைக்கும் கல் வேண்டாம், அது நல்ல தகட்டையும் மெலிய வைத்துவிடும். 800-இன் ஃப்ளோர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. குழிக்குள் இருக்கும் துரு எப்படியும் முழுசாகப் போகாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர், துருவை வேறு பொருளாக மாற்றும் திரவம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ, இல்லை இரண்டுமோ சேர்ந்த சரக்கு. டானிக் அமிலத்தின் வேலை நமக்குப் புதிதில்லை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, அதே வேலை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் தேயிலைச் சாறு பட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகுமே, அதுவும் அதே வேலைதான். துருவோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு கறுப்புப் பொருளாக மாறி உட்கார்ந்துவிடும். அதற்காக டீ டிகாக்‌ஷனை அடியில் ஊற்றிவிடாதீர்கள். ஒருவர் உண்மையாகவே என்னிடம் கேட்டார். கன்வெர்ட்டர் மெல்லிய துருவின் மேல்தான் வேலை செய்யும். செதிலின் மேல் அடித்தால் மேல்தோல் கறுக்கும், அடியில் பழைய கதை. இரண்டு கோட் அடித்து, மறுநாள் வரை விடுங்கள்.

அதற்கு மேல் பிரைமர். நம் ஆட்கள் கை தானாக ரெட் ஆக்சைடு டப்பாவுக்குப் போகும். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் சரி, வண்டிக்கு அடியில் அதை மட்டும் அடித்துவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே விடும். கொஞ்சம் கூடச் செலவானாலும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் வாங்குங்கள். தகடு சேரும் விளிம்புகளில் சந்தை அடைக்கும் சீலர் பசை வைத்து, மேலே சாதாரண பெயின்ட் இரண்டு கோட். இதுவே முக்கால் வேலை.

வெல்டிங் தேவைப்பட்டால் பட்டறையில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: துருத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு வைப்பீர்களா, அதன் மேலேயே வைப்பீர்களா? மேலே வைத்து, சுற்றிப் பட்டி போட்டு மூடித் தருகிற இடத்தில் ஒருமுறை எங்கள் ஆபீஸ் வண்டியைக் கொடுத்து ஏமாந்தோம். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, பழைய ஓட்டை புதுத் தகட்டையும் தின்றுவிட்டது. நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும், 20 கேஜ் தகடு போதும், சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்கில் விட்டு விட்டு வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும், ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பின்பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்க் இறங்கியே ஆக வேண்டும். ஃப்ளோருக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் தார் ஷீட் தீப்பிடிக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் மறுபக்கம் பெயின்ட் வெந்து போயிருக்கும். அந்தப் பக்கத்தையும் தேய்த்துப் பிரைமர் அடிக்காவிட்டால் அடுத்த ஓட்டை அங்கேதான்.

இப்போது, நீங்கள் கேட்ட ரப்பர் கோட்டிங். இதெல்லாம் முடிந்து, பெயின்ட் காய்ந்து ஒரு வாரம் கழித்து, தாராளமாக அடியுங்கள். கல் தெறிப்புக்கு நல்லது. நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த தார் வகை குளிரில் விறைத்து வெடிக்கும், அதைவிட ரப்பர் வகை பரவாயில்லை. சக்கர வளைவுக்குள்ளும் ஃப்ளோரிலும் மட்டும் போதும். சைலன்சர், பிரேக், கேபிள், ரப்பர் புஷ், வடிதுளைகள் மேல் படக் கூடாது. அடிக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு, முடிந்ததும் பிடுங்கச் சொல்லுங்கள். ரன்னிங் போர்டுக்கு உள்ளே கோட்டிங் போகாது. அங்கே கேவிட்டி வாக்ஸ் என்று நீளக் குழாய் வைத்த மெழுகு ஸ்ப்ரே வரும், அதை உள்ளே விட்டு அடிக்க வேண்டும். அது முழுக்கக் காயாது, மெதுவாக ஊர்ந்து மடிப்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். என் கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது, கோட்டிங்கா வாக்ஸா என்று கேட்டால் யோசிக்காமல் வாக்ஸ் என்பேன்.

பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஜீப் ஸ்பிரிங் பட்டைக்கு நாங்களும் பூசியிருக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் 800-இல் ரப்பர் புஷ்கள் ஊறி உப்பிப் போகும், பிரேக் லைனிங்கில் பட்டால் ஆபத்து, முதல் மழைக்கு அந்த எண்ணெய் ஓடை வழியாக யாரோ குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். வேண்டாம்.

சைலன்சர் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் போகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். வீட்டிலிருந்து பஜாருக்கு மட்டும் ஓட்டினால் சைலன்சர் சூடாவதற்குள் நிறுத்திவிடுவோம், அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒருமுறை ஊட்டி ரோட்டில் கட்டபெட்டு வரைக்குமாவது போய்த் திரும்புங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேறெதுவும் செய்ய வேண்டாம். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, டிரைவர் காலடி, இரண்டு ரன்னிங் போர்டு, இரண்டு ஸ்ட்ரட் கோபுரம், பின் ஆர்ம் மாட்டும் இடம் இவற்றில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்திப் பார்த்து, எங்கே உள்ளே போனது, எங்கே போகவில்லை என்று எழுதி அனுப்புங்கள். படமும் எடுங்கள், ஆனால் ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். ஃபிளாஷில் துரு தட்டையாகத் தெரியும், குழியின் ஆழம் தெரியாது. பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் அதற்குள் கொடுத்துவிடாதீர்கள்.